தளிகை உள்ளில் பீஜகணிதம்

என் அக்கா பீஜகணிதம் படித்த நான்கு மாதமும் நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை. அவள் சமையலறையில், எங்கள் பேச்சில் தளிகை உள்ளில், அடுப்பின் முன் இருப்பாள். நான் நிலைப்படிக்கு வெளியே, கூடத்துச் சுவரோரம் ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்திருப்பேன். இரண்டு பேருக்கும் நடுவே ஆறடி. ஒரு நாள் அளந்து பார்த்திருக்கிறேன்.

காரணம் புத்தகத்தின் முதுகு. அக்கா விடியற்காலையில் தலைக்குத் தீர்த்தம் விட்டுக்கொண்டு, மடிப்புடவை கட்டித் தளிகைக்குள் போனால், பெருமாளுக்கு நைவேத்தியமாகக் கண்டருளப் பண்ணி நாங்கள் எல்லோரும் சாப்பிட்டு முடிகிறவரை மடி. வெளிப்பொருள் எதையும் தொடக்கூடாது. புத்தகத்தையாவது உள்ளே கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளலாம் என்று முதல் நாள் நினைத்தோம். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் ஊர் மண்டி மொஹல்லாவில் புத்தகம் கட்டுகிற கடையில் கோதுமை மாவைக் கொதிக்கவைத்துப் பசை காய்ச்சுவதை அவள் தன் கண்ணாலேயே பார்த்திருந்தாள். வெந்த மாவு என்றால் பத்து, அதாவது சமைத்த பண்டத்தின் தீட்டு. பத்து ஒட்டிய பொருள் நிலைப்படி தாண்டி வரக்கூடாது. நோட்டுப் புத்தகத்துக்கும் அதே சட்டம்.

ஆகவே நான் கணக்கை வாசிப்பேன். அக்கா சமைத்துக்கொண்டே யோசித்து விடை சொல்வாள். நான் பென்சிலால் எழுதிக்கொள்வேன். காலை ஆறு பத்து முதல் ஏழு இருபத்தைந்து வரை. அதற்குப் பிறகு எனக்குக் குளியல், சந்தியாவந்தனம், சாப்பாடு, ஆபீஸ்; நான் திரும்பும்போது அவள் மறுபடியும் ராத்திரித் தளிகைக்குள். அப்போது நான் மராமத்து இலாகாவில் வரைபடங்களைப் பிரதி எடுக்கும் வேலையில் இருந்தேன். வயது இருபத்துமூன்று.

அக்காவுக்கு இருபத்தாறு. பதினாலில் கல்யாணமாகி ஒன்பது வருஷம் குழந்தை இல்லை என்று அவள் கணவரான அத்திம்பேர் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டார். அக்கா எங்களிடம் வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அந்த ஆவணியில் அத்திம்பேர் வீட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இளையவளுக்குப் பிரசவ காலம், அத்திம்பேரின் தாயாருக்கும் உடம்பு தள்ளவில்லை, தை பிறந்ததும் அக்காவை அனுப்பிவைக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். எதற்கு என்று எழுதவில்லை. தளிகை செய்ய ஆள் வேண்டும் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்தது.

அக்கா அதைப் படித்துவிட்டு, தான் லோயர் செகண்டரி பரீட்சைக்குப் போவதாகச் சொன்னாள். தேறினால் உபாத்தியாயினி டிரெயினிங்கில் சேரலாம், மாதம் உபகாரச் சம்பளம் உண்டு, பிறகு ஏதாவது பெண்கள் பாடசாலையில் வேலை. கன்னடம், சரித்திரம், பூகோளம் எல்லாம் மத்தியானம் தானே படித்துக்கொள்வாள். பீஜகணிதம் மட்டும் புதிது. அதற்குத்தான் நான்.

அம்மா யோசித்துச் சொன்னாள்: "பரீட்சைக்குப் பேர் போச்சுன்னா இரு. போகலேன்னா தைல கிளம்பு. ரெண்டுங்கெட்டானா ஆத்துல உட்கார்ந்திருக்காதே."

பள்ளிக்கூடத்தில் சேராமல் தனியாகப் பரீட்சை எழுதுகிறவர்களின் பெயரை, பெண்கள் பாடசாலைத் தலைமை ஆசிரியை ஒரு சோதனை வைத்துப் பார்த்த பிறகுதான் மேலே அனுப்புவார். சோதனை கார்த்திகைக் கடைசியில். அதுவரை சனிக்கிழமைதோறும் வீட்டுக் கணக்கு எழுதிய நோட்டை அவரிடம் கொடுத்துத் திருத்தி வாங்கலாம்.

முதல் நாள் நான் வாசித்த கணக்கு இது. ஓர் எண்ணை மூன்றால் பெருக்கி ஏழைக் கூட்டினால் வருவதும், அதே எண்ணை ஐந்தால் பெருக்கி ஒன்பதைக் கழித்தால் வருவதும் சமம். அந்த எண் எது?

"தெரியாத எண்ணுக்கு எக்ஸ்னு வெச்சுக்கணும், அக்கா" என்றேன்.

"எக்ஸ்னா யாருடா? உங்க ஆபீஸ் ஸாஹேபா?" என்று கேட்டுக்கொண்டே பருப்பைக் கிளறினாள். நான் பென்சிலைச் சீவி முடிப்பதற்குள், "எட்டு" என்றாள்.

"எப்படி?"

"இந்தப் பக்கம் ஏழு கூட இருக்கு. அந்தப் பக்கம் ஒம்போது குறையறது. ஆகமொத்தம் பதினாறு வித்யாசம். அஞ்சுக்கும் மூணுக்கும் நடுவுல ரெண்டு. ரெண்டு பங்கு பதினாறுன்னா ஒரு பங்கு எட்டு. சரிதானே?"

சரிதான். நான் நோட்டில் எழுதினேன்:

3x + 7 = 5x − 9
7 + 9 = 5x − 3x
16 = 2x
x = 8

நான்கு வரி. அவள் சொன்னதைத்தானே எழுதியிருக்கிறோம் என்று எனக்குத் திருப்தி. ஆபீசில் டிபன் வேளையில் பென்சிலில் இருந்ததை மையால் வேறு நோட்டில் பிரதி எடுத்தேன். சமக்குறிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நேர்க்கோட்டில் நின்றன. அந்த நோட்டுத்தான் சனிக்கிழமைதோறும் பாடசாலைக்குப் போயிற்று. திங்கட்கிழமை திரும்பி வந்ததும், "எல்லாம் சரி போட்டிருக்கா" என்று நான் சொல்வேன். அக்கா தலையை ஆட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள். நோட்டைத் திறந்து பார்க்க அவளுக்கு நேரமும் இல்லை, காரணமும் இல்லை.

வயதுக் கணக்குகள் அவளுக்கு விளையாட்டு. தாயின் வயது மகளின் வயதைப்போல் மூன்று மடங்கு. பத்து வருஷம் கழித்து இரண்டு மடங்கு. இப்போது வயதென்ன என்று ஒரு கணக்கு.

"பொண்ணுக்குப் பத்து, அம்மாவுக்கு முப்பது" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அப்போ இருபது வயசுலதான் முதல் குழந்தையா? நம்ம அக்ரஹாரத்துல எவ விட்டுவெச்சிருப்பா? இது சீமைக் கணக்குடா" என்றாள்.

கூடத்தில் பூத்தொடுத்துக்கொண்டிருந்த அம்மா, "எனக்கு உன்னைப் பெத்தப்போ பதினாறு" என்றாள்.

"அதான் கணக்குல வரலை நீ."

புரட்டாசியில் அடைப்புக்குறிக் கணக்குகள் ஆரம்பித்தன. அங்கேதான் நான் தவறு செய்தேன். தேதியும் நேரமும் டைரியில் இருக்கின்றன. கணக்கு இது:

5(x − 2) − 3(x − 4) = 14

அக்கா பதினெட்டு என்றாள். நான் போட்டுப் பார்த்ததில் ஆறு வந்தது. −3 என்பதை அடைப்புக்குள் கொண்டுபோனால் −4 என்பது +12 ஆகும். அவள் அந்தப் பன்னிரண்டையும் கழித்துவிட்டிருந்தாள். சொல்ல வாயெடுத்தேன். அதே சமயம் சாதம் பொங்கி வழிந்தது. அவள் வெண்கலப் பானையின் மூடியைத் தள்ளி, விறகை வெளியே இழுத்து, புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மணி ஏழு இருபது. நான் நோட்டில் ஆறு என்று எழுதி, வரிகளையும் சரியாக எழுதி, "ஆச்சு, நாளைக்கு" என்று எழுந்துவிட்டேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் வேறு கணக்கு. அதிலும் அதே பிழை. அன்றைக்கும் நேரமில்லை. பிறகு எனக்கு அது பழக்கமாகிவிட்டது. ஆபீசில் மூல வரைபடத்தில் கோடு கொஞ்சம் கோணியிருந்தால் பிரதியில் நேராக்கிவிடுவோம். அதற்காக யாரும் ஓவர்சியரை எழுப்பிச் சொல்வதில்லை. அக்காவின் கணக்கையும் நான் அப்படித்தான் நடத்தினேன் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

சோதனைக்கு அரைநாள் லீவு போட்டு நானே ஜட்கா வண்டியில் அழைத்துப் போனேன். ஆறு கணக்கு, ஒரு மணி நேரம். அக்கா இருபத்தைந்து நிமிஷத்தில் வெளியே வந்து, "சுலபம்டா" என்றாள்.

கால் மணி கழித்துத் தலைமை ஆசிரியை எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். ஐம்பது வயதிருக்கும், கண்ணாடி போட்டவர், கன்னடக்காரர். அவர் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன். மேஜையில் ஒரு பக்கம் அக்காவின் விடைத்தாள், இன்னொரு பக்கம் நான் மையால் எழுதிய நோட்டு. விடைத்தாளில் ஆறு வரிதான் இருந்தது. ஒவ்வொரு கணக்குக்கும் ஓர் எண். முதல் மூன்று சரி. அடைப்புக்குறி வந்த மூன்றும் தப்பு. வழி ஒன்றிலும் இல்லை.

"நோட்டில் இவ்வளவு அழகாக வழி எழுதியிருக்கிறாயே அம்மா, இங்கே ஏன் எழுதவில்லை?" என்று கேட்டார்.

"வழியா? விடைதானே கேட்டிருந்தா" என்றாள் அக்கா.

"சரி. நோட்டில் இந்தக் கணக்கு சரியாக இருக்கிறது. இங்கே அதே மாதிரிக் கணக்கு தப்பு. இந்த மூன்றாவது வரி எப்படி வந்தது, சொல்."

அக்கா நோட்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அன்றைக்குத்தான் அதை முதல் தடவையாகப் பார்க்கிறாள். இரண்டு பக்கம் புரட்டினாள். "இது நான் சொன்னதில்லை. நான் பதினெட்டுன்னு சொன்னேன்" என்றாள்.

"அப்படியானால் இது யார் எழுத்து?"

பயத்தில் மறந்திருப்பாள் என்று சொல்லிவிடலாமா என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்து என்னுடையது என்றேன். மடி, பத்து, நிலைப்படி எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் வந்த கணக்குகளில் விடை அவளுடையது, வரிகள் என்னுடையவை. அடைப்புக்குறிக் கணக்குகளில் பதினொன்றில் விடையும் என்னுடையது என்றேன். அந்தப் பதினொன்று என்ற எண்ணை அங்கேயே நோட்டைப் புரட்டி எண்ணித்தான் சொன்னேன்.

தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "எனக்கு டிரெயினிங் சர்ட்டிபிகேட் வந்தபோது என் மாமியார் அதைக் மடித்துணி உலர்த்துகிற கொடிக்கம்பால் தள்ளித் தள்ளித்தான் பார்த்தார்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "ஆனால் பரீட்சைத் தாளைத் திருத்துகிறவருக்கு உங்கள் வீட்டு மடி தெரியாது. பதினைந்து நாள் தருகிறேன். இங்கே வந்து, என் முன்னால், தன் கையால் வழியோடு ஐந்து கணக்குப் போடட்டும். போட்டால் பெயரை அனுப்புகிறேன். இல்லாவிட்டால் அடுத்த வருஷம்தான்" என்றார்.

அடுத்த வருஷம் என்பது எங்களுக்குக் கிடையாது. அதை அவரிடம் சொல்லவில்லை.

வீட்டு வாசலில் ஜட்காவிலிருந்து இறங்கியதும் அக்கா ஆரம்பித்தாள்.

"பதினொண்ணு தடவை தப்புன்னு தெரிஞ்சும் வாயைத் தொறக்கலை."

"சாதம் வழிஞ்சுண்டிருந்தது, அக்கா. உன்னைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு…"

"சாதம் வழிஞ்சா துடைச்சுக்கறேன். என் தப்பு எனக்கு வேணும்டா. அதை எடுத்துண்டு போய் ஆபீஸ்ல உட்கார்ந்து மையால அழகா எழுதறானாம்! தைல அங்கே போய் நிக்கப்போறது நீயா, நானா?"

"நீதான்" என்றேன்.

மறுநாள் மார்க்கெட்டிலிருந்து புது ஸ்லேட்டு ஒன்று வாங்கி வந்தேன். கல்லும் மரச்சட்டமும்தான், பசை கிடையாது, கிணற்றடியில் அலம்பி உள்ளே எடுத்துக்கொள்ளலாம் என்று அம்மாவிடம் வாதாடினேன்.

"ஸ்லேட்டுன்னாலே எச்சில். எச்சில் தொட்டுத்தானே அழிக்கறதுகள்?"

"இது புதுசும்மா. இன்னும் யாரும் தொடலை."

"செஞ்சவன் ஒரு தடவை தொட்டுப் பார்க்காமலா வித்திருப்பான்?"

ஸ்லேட்டு கூடத்து மாடத்திலேயே இருந்துவிட்டது. அக்கா எங்கள் வாதத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவள், அடுப்பிலிருந்து அணைந்த கரித்துண்டு ஒன்றை இடுக்கியால் எடுத்து, தீர்த்தத்தில் ஒரு தோய் தோய்த்து, அடுப்புக்குப் பக்கத்துத் தரையில் 5(x − 2) என்று எழுதினாள். கல் பாவிய தரை. கரி நன்றாகப் பிடித்தது.

"அடுப்புக்கரிக்குப் பத்தும் கிடையாது, எச்சிலும் கிடையாது. என்ன சொல்றே?" என்று அம்மாவைக் கேட்டாள்.

அம்மா நிலைப்படியில் நின்று தரையைப் பார்த்தாள். "கரியை மிதிச்சுண்டு எப்படித் தளிகை பண்ணுவே?" என்றாள்.

"கடைசியில அலம்பிவிட்டுடறேன்."

அன்று முதல் ஏற்பாடு மாறியது. நான் கணக்கை மட்டும் வாசிக்க வேண்டும். அவள் தரையில் வரிவரியாக எழுதுவாள். முடித்ததும் நான் 'சரி' அல்லது 'தப்பு' என்று ஒரு சொல் சொல்லலாம். எந்த வரி என்று சொல்லக்கூடாது. பென்சில் என் கையில் இருக்கக்கூடாது. இது அக்கா வைத்த சட்டம். அம்மாவின் சட்டத்தைவிடக் கடினமாக இருந்தது. தப்பு எதிரே தெரிகிறபோது சும்மா இருப்பது எனக்கு அப்போது வரவில்லை. இரண்டு தடவை வாயைத் திறந்து, இரண்டு தடவையும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

தரையில் எழுதியதில் இன்னொரு சங்கடம் வந்தது. எழுத்தை மிதிக்கக்கூடாது. கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவள் அம்மா. மார்கழி பிறந்துவிட்டதால் அம்மாவும் விடியற்காலையிலேயே மடியாகப் பொங்கலுக்கு உள்ளே வந்துவிடுவாள். அடுப்பிலிருந்து பெருமாள் அலமாரிக்குப் போக நேர்வழி கணக்கின்மேல்தான். பொங்கல் பானையைத் தூக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டி ஒட்டி நடப்பாள். "சின்னதா எழுதேண்டி. இன்னும் நாலு வரி போனா நான் அடுப்புலதான் ஏறி நிக்கணும்" என்பாள். ஆனால் ஒரு நாளும் அழிக்கச் சொல்லவில்லை.

நான்காம் நாள் என்று நினைக்கிறேன். இல்லை, டைரியில் ஐந்தாம் நாள் என்று இருக்கிறது. அடைப்புக்குறிக் கணக்கில் நான் மூன்று தடவை தப்பு என்று சொல்லிவிட்டேன். அக்கா கரியைக் கீழே வைத்துவிட்டுத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே அரிசி அளக்கிற சேர் இருந்தது.

"இரு. மூணு சேர் அரிசி ஒருத்தருக்குக் கொடுக்கணும். ஒவ்வொரு சேர்லயும் நாலு பிடி குறைச்சுக் கொடுத்துட்டேன். அப்போ பன்னண்டு பிடி எங்கே?"

சேரைக் கையில் எடுத்துக் கவிழ்த்தாள்.

"நம்மாத்துலதானே இருக்கு! இருக்கறதைப் போய் இன்னொரு தடவை கழிச்சிருக்கேன், பைத்தியக்காரி." −12 என்பதன் கோட்டின்மேல் குறுக்கே இன்னொரு கோடு இழுத்து அதைக் கூட்டல் ஆக்கினாள். கீழே மூன்று வரி எழுதினாள். விடை சரி. அதற்குப் பிறகு அந்தப் பிழை அவளுக்கு வரவேயில்லை. நான் நோட்டில் பதினொரு தடவை சரியாக எழுதியும் அவளுக்குப் போய்ச் சேராதது அது.

பதினைந்தாம் நாள் மறுபடியும் பாடசாலை. தலைமை ஆசிரியை அவளுக்குக் காகிதம் கொடுக்கவில்லை. "பலகையில் போடு. எனக்கும் தெரியட்டும், உன் தம்பிக்கும் தெரியட்டும்" என்றார். என்னைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்து, வாயைத் திறந்தால் வெளியே போகவேண்டும் என்றார்.

முதல் நான்கு கணக்கும் வழியோடு சரியாக வந்தன. அக்கா சாக்பீசைக் கரித்துண்டு போலவே மூன்று விரலால் பிடித்தாள். ஐந்தாவது கணக்கு 7(x − 8) = 3x. அவள் எழுதினாள்:

7x − 54 = 3x
4x = 54

ஏழெட்டு ஐம்பத்தாறு. சின்ன வயதில் எனக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். தலைமை ஆசிரியை பலகையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அக்கா கடைசி வரியை எழுதினாள்: x = 13½. எழுதிவிட்டு நின்றாள்.

"அரை வரது" என்று தமிழில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "ஏழு தடவை அஞ்சரை முப்பத்தெட்டரை. மூணு தடவை பதிமூணரை நாப்பதரை. ரெண்டும் ஒண்ணாகலையே." கடைசி வரியிலிருந்து மேலே ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக்கொண்டு போனாள். 7x என்று தொடங்கிய வரியில் விரல் நின்றது. "அடப்பாவி, ஏழெட்டு!" என்று புறங்கையால் 54ஐ அழித்து 56 என்று போட்டாள். கீழே வந்து அடுத்த இரண்டு வரிகளையும் அழித்து மாற்றினாள். x = 14.

தலைமை ஆசிரியை எழுந்து போய், அழித்த இடத்தைக் காட்டி, "எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்றார்.

"வழி எழுதியிருந்துதே, அதுல திரும்பிப் போனேன்" என்றாள் அக்கா கன்னடத்தில்.

அவர் மேஜைக்குப் போய்ப் பரீட்சை விண்ணப்பத்தை எடுத்து, சிபாரிசு என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு, மற்றதை நிரப்பச் சொல்லி அக்காவிடம் நீட்டினார். பழக்கத்தில் நான் எழுந்து பேனாவை எடுத்தேன். அக்கா என் பேனாவை வாங்கிக்கொண்டு, விண்ணப்பத்தைத் தானே நிரப்பினாள்.

வீட்டுக்கு வந்தபோது மணி நாலு. அம்மா கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்து அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது; இரண்டு பேரும் களைத்திருந்தோம்.

"பேர் போயாச்சும்மா" என்றாள் அக்கா.

அம்மா எழுந்து, அத்திம்பேர் வீட்டுக் கடிதத்தை அலமாரியிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்தாள். "இதுக்குப் பதில் எழுதிப் போடு. அவளுக்குப் பரீட்சை இருக்கு, தைல வரதுக்கில்லைன்னு எழுது."

"பரீட்சை முடிஞ்சப்பறம்னு கேட்டா?"

"அதுக்கப்பறம் டிரெயினிங் இருக்கே. அதையும் இப்பவே எழுதிடு. திருப்பித் திருப்பி எவ கார்டுக்குக் காசு கொடுப்பா?"

கார்டில் மூன்று வாக்கியம் எழுதினேன். அக்காவிடம் காட்டினேன். அவள் வாசித்துப் பார்த்து, 'மன்னிக்கவும்' என்று நான் கடைசியில் எழுதியிருந்ததை அடித்துவிட்டுக் கொடுத்தாள். ஐந்து மணித் தபாலில் சேர்த்தேன்.